சனி காலை இறங்கி திங்கள் மாலை திரும்ப: பெரியவர்கள், குழந்தையோடு கொச்சியைப் பார்க்க ஒரு திட்டம்

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. வெள்ளி இரவு சென்னையில் ரயில் ஏறி சனி காலை எர்ணாகுளத்தில் இறங்குகிறீர்கள். திங்கள் மாலை திரும்பும் வண்டி. உடன் வருவது 70ஐ நெருங்கும் அப்பா, அம்மா, 9 வயது மகள். ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் முக்கியம் என்று சொல்லிவிட்டு, ஆலப்புழை படகு வீடு, அதிரப்பள்ளி அருவி, திருப்பூணித்துறை அரண்மனை, செராய் கடற்கரை, மரைன் டிரைவ் என்று நீளமான பட்டியலும் கொடுத்திருக்கிறீர்கள். எந்த நாளில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

முதல் வேலையாகப் பட்டியலிலிருந்து ஆலப்புழையையும் அதிரப்பள்ளியையும் எடுத்துவிடுங்கள். ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஆலப்புழை 50 கிலோமீட்டரை ஒட்டி, அதிரப்பள்ளி 70 கிலோமீட்டருக்கு மேல். தூரம் குறைவாகத் தெரிந்தாலும் தோப்பும்படிப் பாலத்தையும் எர்ணாகுளம் புறவழிச் சாலையையும் தாண்டுவதற்குள்ளேயே ஒரு மணி நேரம் போய்விடும். இரண்டில் எதைச் சேர்த்தாலும் ஒரு முழு நாள் காரில் கழியும். பழைய துறைமுக நகரத்தை நடந்தும் படகிலும்தான் பார்க்க முடியும். அதற்கு உங்களிடம் இருப்பதே இரண்டரை நாள்.

அடுத்து, இடங்களின் பெயரை வைத்துத் திட்டம் போடாமல், எது எந்த நாளில் மூடியிருக்கும் என்பதை வைத்துப் போடுங்கள். கொச்சியில் வெள்ளி முதல் திங்கள் வரை ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு கதவு சாத்தியிருக்கும். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. பரதேசி யூத ஜெபக்கூடத்துக்கு வெள்ளி, சனி இரண்டும் விடுமுறை. யூதப் பண்டிகை நாட்களிலும் திறக்காது. ஞாயிறு காலையில் புனித பிரான்சிஸ் தேவாலயத்திலும் சாந்தா குரூஸ் பசிலிக்காவிலும் வழிபாடு நடக்கும், அந்த நேரத்தில் சுற்றிப் பார்ப்பவர்கள் உள்ளே நடமாட முடியாது. பஜார் ரோட்டின் மொத்த வியாபாரக் கடைகளும் ஞாயிறு மூடியிருக்கும். திங்கள்கிழமை இந்தோ-போர்ச்சுகீசிய அருங்காட்சியகம், திருப்பூணித்துறை ஹில் பேலஸ், கடற்படை அருங்காட்சியகம் மூன்றும் மூடல். தமிழ்நாட்டிலிருந்து வார இறுதியில் வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது சனிக்கிழமையில்தான். இறங்கிய வேகத்தில் நேரே மட்டாஞ்சேரி போய் அரண்மனையைப் பார்த்துவிட்டு, சில நிமிட நடையில் இருக்கும் ஜெபக்கூடத்தின் பூட்டிய கதவு முன் நிற்பார்கள்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் வரிசை தானாகவே அமைந்துவிடும். சனிக்கிழமை ஃபோர்ட் கொச்சி. ஞாயிறு மட்டாஞ்சேரி. திங்கள் காலை பஜார் ரோடும் படகுப் பயணமும்.

எங்கே தங்குவது

இரண்டு இரவும் ஃபோர்ட் கொச்சியிலேயே தங்குங்கள். எர்ணாகுளத்தில் அறை எடுத்தால் தினமும் இரண்டு முறை தண்ணீரைக் கடக்க வேண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம், காலை 6:30 முதல் 9 வரையிலான நேரம் கையை விட்டுப் போவது. ஃபோர்ட் கொச்சி அழகாக இருப்பதே அந்த நேரத்தில்தான். வெயில் இருக்காது, சுற்றுலாப் பேருந்துகள் வந்திருக்காது. பிரின்சஸ் தெரு, ரோஸ் தெரு, பரேடு மைதானத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் ஹோம்ஸ்டேக்கள் நிறைய உண்டு. பதிவு செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: தரைத்தள அறை கிடைக்குமா, குளியலறை மேற்கத்திய பாணியா, சன்னலுக்குக் கொசுவலை உண்டா. பழைய வீடுகளின் மரப்படிகள் செங்குத்தானவை, கைப்பிடி தாழ்வாக இருக்கும். கொசு விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஃபோர்ட் கொச்சியின் சாக்கடைகளும் கால்வாய்களும் மாலை ஆனதும் தங்கள் வேலையைக் காட்டும். கொசு விரட்டி களிம்பு மாலைப் பையில் இருக்கட்டும்.

ரயில் நிலையத்திலும் ஒரு கவனம் வேண்டும். எர்ணாகுளத்தில் இரண்டு பெரிய நிலையங்கள்: ஜங்ஷன் (உள்ளூர்ப் பேச்சில் சவுத்), டவுன் (உள்ளூர்ப் பேச்சில் நார்த்). திருவனந்தபுரம் மெயில் டவுனில் நிற்கும், ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஜங்ஷனுக்கு வரும். வந்த நிலையமும் திரும்பும் நிலையமும் வேறாக இருக்கலாம். ஆட்டோக்காரரிடம் ‘ஸ்டேஷன்’ என்று மட்டும் சொல்லி, தவறான நிலையத்தில் இறங்கி வண்டியைத் தவறவிடுவது இங்கே அடிக்கடி நடப்பது. பயணச்சீட்டைப் பார்த்து நார்த், சவுத் என்று சொல்லியே ஏறுங்கள்.

சனி காலை பெட்டிகளோடு இருப்பதால் அன்று மட்டும் டாக்சியில் சாலை வழியாகப் போய்விடுங்கள். நீர்வழியைப் பெட்டியில்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அறை மதியம்தான் கிடைக்கும் என்றாலும், முன்பே சொல்லி வைத்தால் பெட்டியை வைக்கவும் முகம் கழுவவும் பெரும்பாலான ஹோம்ஸ்டேக்களில் இடம் கொடுப்பார்கள்.

சனி: கோட்டைப் பக்கம்

காலை உணவு முடித்து, 9 மணியை ஒட்டி சீன வலைகளில் தொடங்குங்கள். கரையில் நட்ட மரச்சட்டம், அதன் நுனியில் விரிந்து தொங்கும் வலை, பின்பக்கம் கயிற்றில் கட்டிய பெரிய கற்கள். முன்பக்க எடையைக் கற்களின் எடை கிட்டத்தட்டச் சமன் செய்வதால்தான் நான்கைந்து பேர் கயிற்றை இழுத்தே இவ்வளவு பெரிய சட்டத்தைத் தூக்க முடிகிறது. சட்டம் மேலெழும்போது கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் வந்து அமர்வதை மகளுக்குக் காட்டுங்கள், நெம்புகோல் பாடம் அங்கேயே முடிந்துவிடும். நீரோட்டத்தைப் பொறுத்தே வலையை இறக்குவார்கள், எல்லா நேரமும் இயங்காது. காலையில் இயங்கும் வாய்ப்பு அதிகம். ‘வாங்க, கயிறு இழுங்க’ என்று அழைத்தால் போகலாம், முடிவில் பணம் எதிர்பார்ப்பார்கள் என்பதை மனதில் வைத்துப் போங்கள்.

அங்கிருந்து தெற்கே சிறிது நடந்தால் புனித பிரான்சிஸ் தேவாலயம். போர்ச்சுகீசியர் 1503இல் மரத்தில் கட்டி, 1516இல் கல்லும் காரையுமாக மாற்றிக் கட்டியது. வாஸ்கோ ட காமா 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்து இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். 1539இல் எச்சங்களைப் போர்ச்சுகலுக்குக் கொண்டு போனார்கள். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கத் தரையில் வேலி போட்ட கல்லறைக் கல் அவருடையது. பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். தலைக்கு மேலே குறுக்காகத் தொங்கும் துணி விசிறிகளையும் பாருங்கள். முன்பு வெளியிலிருந்து ஆட்கள் கயிற்றை இழுத்து அவற்றை ஆட்டினார்கள். சுவரில் பதித்த போர்ச்சுகீசிய, டச்சுக் கல்லறைப் பலகைகளும் உண்டு. ஒரே கட்டடம் போர்ச்சுகீசியக் கத்தோலிக்கரிடமிருந்து 1663க்குப் பின் டச்சுப் புராட்டஸ்டண்டுகளுக்கும், 1795க்குப் பின் ஆங்கிலேயருக்கும், இப்போது தென்னிந்தியத் திருச்சபைக்கும் கைமாறியிருக்கிறது. கொச்சியின் கதை முழுக்க இந்த ஒரு கட்டடத்துக்குள் இருப்பதால், இங்கே 40 நிமிடம் செலவழிப்பது தகும்.

பரேடு மைதானத்தைச் சுற்றி வந்தால் சாந்தா குரூஸ் பசிலிக்கா. பழைய தேவாலயத்தை ஆங்கிலேயர் 1795இல் கொச்சியைப் பிடித்தபின் இடித்தார்கள். இப்போதுள்ளது 1905இல் அர்ச்சிக்கப்பட்டது. தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். வலையிலிருந்து பசிலிக்கா வரை எல்லாம் ஒன்றரை கிலோமீட்டருக்குள், பெரும்பாலும் மர நிழல். பெரிய மழைமரங்களுக்குக் கீழே உட்கார்ந்து உட்கார்ந்து போனால் உங்கள் பெற்றோரும் சிரமமில்லாமல் நடக்கலாம்.

‘கோட்டை எங்கே?’ என்று மகள் கேட்பாள். கோட்டை இல்லை. போர்ச்சுகீசியர் 1503இல் எழுப்பிய இம்மானுவேல் கோட்டையை, பின்னால் டச்சுக்காரர்கள் சுருக்கிக் கட்டியதை, 1806இல் ஆங்கிலேயர் தகர்த்துவிட்டார்கள். கடற்கரையோரம் சில கல் துண்டுகளே மிச்சம்.

11:30க்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். 12 முதல் 3:30 வரை எதையும் வைக்காதீர்கள். கொச்சியில் வெயிலைவிட ஈரப்பதமே ஆளை அடிக்கும். மார்ச் முதல் மே வரை வருவதென்றால் இந்த ஓய்வைத் தவிர்க்கவே கூடாது. மதிய நேரத்தையும் நிரப்பிய திட்டங்கள் எல்லாமே இரண்டாம் நாள் காலையில் குலைகின்றன. பெரியவர்கள் எழ மாட்டார்கள், அதிகாலை ஃபோர்ட் கொச்சி போய்விடும்.

3:30க்கு ஆயர் இல்ல வளாகத்தில் உள்ள இந்தோ-போர்ச்சுகீசிய அருங்காட்சியகம். சிறியது, ஒரு மணி நேரம் போதும். திங்கள் மூடல் என்பதால் சனியிலேயே முடித்துவிடுங்கள். பிறகு மாலைக்கு இரண்டு வழி, இரண்டும் ஒரே மாலையில் நடக்காது. ஒன்று, கடற்கரை நடைபாதையில் சூரிய அஸ்தமனம். டிசம்பரில் 6:10ஐ ஒட்டி, ஏப்ரலில் 6:35ஐ ஒட்டி. இன்னொன்று கதகளி. ஃபோர்ட் கொச்சியின் கதகளி மையங்களில் பார்வையாளருக்காகச் சுருக்கிய நிகழ்ச்சிகள் தினமும் மாலை நடக்கின்றன. நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே அரங்கத்தில் வேடம் கட்டத் தொடங்குவார்கள், அதைப் பார்க்கவும் விடுவார்கள். 9 வயதுக் குழந்தைக்கு ஆட்டத்தைவிட வேடம் கட்டுவதுதான் பிடிக்கும்: தரையில் படுத்திருக்கும் நடிகரின் தாடையில் அரிசிமாவுப் பசையால் காகித விளிம்பு ஒட்டுவது, பச்சை பூசுவது எல்லாம். எனவே சனி மாலை கதகளி, ஞாயிறு மாலை அஸ்தமனம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடற்கரையில் குளிக்க முடியாது. கரை அரித்துப் பாறை கொட்டியிருக்கிறார்கள், கப்பல் வாய்க்காலை ஒட்டி இழுப்பும் அதிகம். மகளுக்கு அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு: மட்டாஞ்சேரி

அதிகாலையில் ஒரு மணி நேரம் சும்மா நடந்துவிட்டு, காலை உணவுக்குப் பின் ஆட்டோவில் மட்டாஞ்சேரி. இரண்டு, இரண்டரை கிலோமீட்டர்தான். ஏறுமுன் ‘அரண்மனை மட்டும், கடை வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஊரைச் சுற்றிக் காட்ட மிகக் குறைந்த தொகை கேட்கும் ஆட்டோக்கள், கைவினைக் கடைகளில் நிறுத்தித் தரகு வாங்கித்தான் மீதியை ஈடு செய்கின்றன. அரண்மனைக்குப் போக வேண்டிய காலை, கம்பளக் கடையில் தேநீர் குடிப்பதில் கரையும்.

10 மணிக்கு முன்பாகவே அரண்மனைக்குள் இருக்கப் பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை சொகுசுக் கப்பல் வரும் நாட்களில் 10:30க்கு மேல் பேருந்து பேருந்தாக ஆட்கள் இறங்குவார்கள். டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றாலும் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுகீசியர் கொச்சி அரசருக்குக் கட்டிக் கொடுத்தது. டச்சுக்காரர்கள் 1663க்குப் பின் பழுது பார்த்தார்கள். வெளியே வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை என்று சாதாரணமாக இருக்கும். சிறப்பெல்லாம் அரசர் பள்ளியறையில் இருக்கும் ராமாயணச் சுவரோவியங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சுவர் முழுக்க இடைவெளியே விடாமல் உருவங்கள். கதை தெரிந்த தாத்தா பாட்டி இருப்பது இங்கே பெரிய வரம்: காட்சி காட்சியாகப் பேத்திக்குச் சொல்ல விடுங்கள், வழிகாட்டி தேவையில்லை. காட்சிக்கூடம் மாடியில் இருக்கிறது, படியேற வேண்டும். ஓவியங்களைப் படம் எடுக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெபக்கூடம் காலை 10 முதல் 1 வரை, பிறகு 3 முதல் 5 வரை. செருப்பைக் கழற்ற வேண்டும். 1568இல் கட்டப்பட்டது, 1662இல் போர்ச்சுகீசியர் தாக்கிச் சிதைத்து, டச்சு ஆட்சி வந்ததும் மீண்டும் எழுந்தது. தரையில் பதித்த நீல வெள்ளை ஓடுகள் சீனாவிலிருந்து வந்தவை, ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்பார்கள், மகளிடம் தேடச் சொல்லுங்கள். வெளியே 18ஆம் நூற்றாண்டின் மணிக்கூண்டு. அதன் முகப்புகளில் வெவ்வேறு மொழி எண்கள் இருப்பதைத் தெருவில் நின்று பார்க்கலாம்.

யூதத் தெருவில் கடைகள் நெருக்கமாக இருக்கும். மிளகு, ஏலம், ஜாதிபத்திரி வாங்குவதை இன்று செய்யாதீர்கள். நாளை பஜார் ரோட்டில் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பழம்பொருள் கடைகளை வேடிக்கை பார்க்கலாம், ‘பழையது’ என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி புதிதாகச் செய்தது.

சைவச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே குஜராத்தித் தெரு. தலைமுறைகளாக வாணிகம் செய்யும் குஜராத்திக் குடும்பங்கள் அங்கே உண்டு, சமணக் கோயிலும் உண்டு. மட்டாஞ்சேரி பிரியாணி சாப்பிடுவதாக இருந்தால் 12:30க்குள் போங்கள், தாமதித்தால் தீர்ந்துவிடும்.

ஞாயிறு பிற்பகலைக் குழந்தைக்குக் கொடுங்கள். ஃபோர்ட் கொச்சி படகுத்துறையிலிருந்து வாகனங்களையும் ஏற்றும் ரோ-ரோ படகில் வைப்பின் தீவுக்குச் சில நிமிடம். அங்கிருந்து டாக்சி எடுத்தால் செராய் கடற்கரை ஒரு மணி நேரத்துக்குள். அலையில் கால் நனைக்க இந்தப் பக்கத்தில் அதுவே நல்ல இடம். ரோ-ரோவில் காரோடு வரிசையில் நிற்காதீர்கள். ஞாயிறு மாலை அந்த வரிசை ஒரு மணி நேரம்கூட நீளும், நடந்து ஏறுகிறவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அப்பா அம்மா களைத்திருந்தால் அவர்களை அறையில் விட்டு நீங்களும் மகளும் மட்டும் போய் வரலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் செராயை அடியோடு விட்டுவிடுங்கள், கடல் கொந்தளிப்பாக இருக்கும்.

திங்கள்: பண்டகசாலைகளும் தண்ணீரும்

காலை 9 மணியை ஒட்டி, மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவே நீரோரமாகப் போகும் பஜார் ரோடு. வேலை நாளில் மட்டுமே இதற்கு உயிர் உண்டு. மூட்டை ஏற்றும் லாரிகள், இஞ்சியும் மிளகும் மணக்கும் கிட்டங்கிகள், தெருவில் வாசலும் நீரில் இன்னொரு வாசலும் வைத்த நீண்ட கட்டடங்கள். சரக்கு படகில் பின்பக்கம் வந்து முன்பக்கம் வெளியேறும் அமைப்பு அது. முழுத் தெருவும் நடக்க வேண்டாம், ஓர் அரை கிலோமீட்டர் நடந்து மீதியை ஆட்டோவில் கடக்கலாம். லாரி திரும்பும் இடங்களில் நடைபாதை கிடையாது, மகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால், ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் உள்ள தோபிக் கானாவுக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். டச்சுக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்த வண்ணார் சமூகத்தினர் இன்றும் கையால் துவைத்து, கஞ்சி போட்டு, கிள்ளிக் கோக்கும் முறுக்குக் கயிற்றில் கிளிப்பே இல்லாமல் உலர்த்துகிறார்கள். தமிழில் பேச்சுக் கொடுக்கலாம். வேலை செய்கிற இடம் என்பதால், படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

11 மணிக்கு அறையைக் காலி செய்யுங்கள். பெட்டிகளோடு ஒருவர் டாக்சியில் போவதும், மற்றவர்கள் வாட்டர் மெட்ரோவில் ஹைகோர்ட் முனையம் போவதும் நல்ல ஏற்பாடு. 2023 ஏப்ரலில் தொடங்கிய இந்த மின்கலப் படகுகள் ஃபோர்ட் கொச்சிக்கு 2024இல் வந்தன. குளிர்சாதன வசதி உண்டு. மிதக்கும் மேடை படகின் மட்டத்திலேயே உயர்ந்து தாழ்வதால், முழங்கால் வலி உள்ளவர்களும் தாண்டிக் குதிக்காமல் ஏறலாம். பழைய அரசுப் படகு இதைவிட மலிவு, காற்றும் நன்றாக வரும். ஆனால் ஏறும் இடத்தில் ஒரு படி உயரம் தாண்ட வேண்டும். சனி, ஞாயிறு மாலைகளில் வாட்டர் மெட்ரோவுக்கு நீண்ட வரிசை நிற்கும், திங்கள் முற்பகலில் அந்தத் தொல்லை குறைவு.

படகில் எர்ணாகுளம் நோக்கிப் போகும்போது வலப்பக்கம் வில்லிங்டன் தீவு, இடப்பக்கம் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையம். முன்பு பெரியாற்றின் முகத்துவாரத்தில் முசிறி துறைமுகமாக இருந்தது; 1341இல் வந்த பெருவெள்ளத்தில் ஆற்றின் போக்கு மாறி, கொச்சியின் வாய் திறந்தது என்பது வழிவழியான வரலாறு. அப்போதும் வாயிலில் மணல் திட்டு கிடந்ததால் பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நின்றன. 1920களில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அதை வெட்டி ஆழப்படுத்தினார். தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியதுதான் வில்லிங்டன் தீவு. இதை மகளுக்குச் சொல்லிவிட்டுப் படகேறினால் 20 நிமிடமும் சன்னலை விட்டுக் கண் எடுக்க மாட்டாள்.

மதியச் சாப்பாடு எர்ணாகுளத்தில். ஜங்ஷன் நிலையத்துப் பெட்டி வைப்பறையில் பூட்டுள்ள பெட்டிகளை மட்டுமே எடுப்பார்கள். பயணச்சீட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். சிறிய பூட்டு இரண்டு வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். நடுவில் கிடைக்கும் நேரத்துக்கு சுபாஷ் பூங்காவும் மரைன் டிரைவும் போதும். ஹில் பேலஸ் திங்கள் மூடல், அதனால் பட்டியலிலிருந்து அதையும் அடித்துவிடலாம்.

வண்டி நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஒருவேளை பெட்டிகளோடு ஃபோர்ட் கொச்சியிலிருந்து நேரே நிலையம் போவதாக மாறினால், 12 கிலோமீட்டருக்கு மாலை நேரத்தில் ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள், நடைமேடைக்கு அரை மணி நேரம் தனி. மாலை 4:30க்குப் பிறகு தோப்பும்படிப் பக்கம் நெரிசல் இறுகும்.

டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் இந்தத் திட்டம் செல்லாது. கொச்சி கார்னிவல் நடக்கும், 31 நள்ளிரவில் பாப்பாஞ்சி என்ற கிழவர் உருவத்தை எரிப்பதைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடும். சாலைகளை மூடுவார்கள், படகுகளிலும் கட்டுப்பாடு இருக்கும். பெரியவர்களோடு வருகிறீர்கள் என்பதால் ஜனவரி இரண்டாம் வாரத்துக்குத் தள்ளுங்கள். வானிலை அதே இதமாக இருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.